நாவின் சாட்சியம்: மின்சிகரெட் திரவக் குறிப்புகளின் வரலாறு

ஒரு செய்முறைக் குறிப்பு நல்லதா, கெட்டதா என்று எப்படி அறிவது? சமையலறையில் விடை எளிது. செய்து பார்க்கிறோம், ஒரு கரண்டி எடுத்து வாயில் இடுகிறோம், உப்பு கூடியிருந்தால் தெரிந்துவிடும், புளி குறைந்திருந்தால் தெரிந்துவிடும். அங்கே நாவே நீதிபதி. அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. கைப்பக்குவம் என்று நாம் போற்றுவதெல்லாம் தலைமுறை தலைமுறையாக நாவால் சோதிக்கப்பட்டு, திருத்தப்பட்டு வந்த அறிவுதான்.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்த நீதிபதியிடம் முற்றிலும் புதியதொரு வழக்கு வந்து சேர்ந்தது. மின்சிகரெட்டில் ஊற்றும் திரவத்தை வீட்டிலேயே கலந்துகொள்வதற்கான குறிப்புகள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் பரவின. ஸ்ட்ராபெர்ரியும் பாலாடையும், கஸ்டர்டும் புகையிலையும், மாம்பழமும் குளிர்ச்சியும் என்று எல்லையற்ற சேர்க்கைகள். இவை உண்ணப்படும் பொருள்கள் அல்ல, மூச்சில் இழுக்கப்படுபவை. ஆயினும் சமையல் குறிப்பை மதிப்பிடும் முறையிலேயே இவையும் மதிப்பிடப்பட்டன. கலந்து, இழுத்துப் பார்த்து, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று தீர்ப்பெழுதினார்கள். வயிற்றுக்குள் போவதை விசாரிக்கப் பழகிய நாவு, நுரையீரலுக்குள் போவதையும் விசாரிக்கத் தொடங்கியது.

இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட் தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத அயல்நாட்டுச் சங்கதி என்று கடந்துபோகத் தோன்றலாம். அப்படியன்று. இக்குறிப்புகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு மதிப்பிடப்பட்டன, எங்கே அந்த மதிப்பீடு பிசகியது என்பதன் வரலாறு, சென்னையிலும் மும்பையிலும் நச்சு கலந்த மருந்தால் இறந்தவர்களின் வரலாற்றோடு வேரில் பிணைந்தது. அந்தப் பிணைப்பைக் காட்டவே இந்த நீண்ட பதிவு.

1. துளியிலிருந்து கிராமுக்கு

மின்சிகரெட் பலர் எண்ணுவதைவிடப் பழையது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட், புகையும் புகையிலையும் இல்லாத சிகரெட் ஒன்றுக்கு 1963இல் காப்புரிமை கோரி 1965இல் பெற்றார். அது சந்தையைக் காணவில்லை. இன்றைய வடிவத்தின் மூலவர் சீன மருந்தாளுநர் ஹான் லிக். தாமும் கடும் புகைப்பழக்கம் உடையவரான அவர் 2003இல் தம் கருவியை உருவாக்கினார். 2006, 2007 ஆண்டுகளில் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நுழைந்தது.

கருவிக்குள் ஊற்றும் திரவத்தின் அமைப்பு எளியது. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகிய இரண்டு கரைப்பான்கள், விரும்பிய அளவு நிக்கோட்டின், மணமூட்டி. புரோப்பிலீன் கிளைக்கால் நீர்த்தது. மணத்தை நன்கு சுமக்கும். கிளிசரின் கெட்டியானது, அடர்ந்த ஆவியைத் தரும். இந்த நான்கில் நிக்கோட்டின் நீங்கலாக மற்றவை மேலைநாடுகளில் மருந்துக்கடையிலும் கேக் செய்வோருக்கான கடையிலும் கிடைத்தன. கடைத்திரவத்தின் விலையோ அதிகம். எனவே வீட்டில் கலப்பது இயல்பாகவே தொடங்கிற்று.

தொடக்ககாலக் குறிப்புகள் துளிக்கணக்கில் எழுதப்பட்டன. இருபது துளி ஒரு மில்லிலிட்டர் என்பது பொதுக்கணக்கு. ஆனால் துளி ஓர் அளவே அன்று. சொட்டும் குழாயின் வாய் எத்தனை அகலம், திரவம் எத்தனை கெட்டி, அறை எத்தனை வெப்பம் என்பதைப் பொறுத்து அது மாறும். ஒருவருடைய பத்துத் துளி இன்னொருவருக்குப் பதினைந்தாகும். ஒரே குறிப்பை இருவர் கலந்தால் இரண்டு திரவங்கள் உருவாயின. ஒருவர் புகழ்ந்ததை மற்றவர் இகழ்ந்தார். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

இதை முதலில் உணர்ந்தவர்கள் அந்தக் கலவையாளர்களே. துளி போய் ஊசிக்குழல் வந்தது; பிறகு அதுவும் போய், ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் சிறு எடைத் தராசு வந்தது. குறிப்புகள் விழுக்காட்டில் எழுதப்பட்டன. ஒரு மில்லிலிட்டர் கிளிசரின் 1.26 கிராம் எடையுள்ளது, புரோப்பிலீன் கிளைக்கால் ஏறத்தாழ 1.04 கிராம் என்ற வேறுபாட்டையும் கணக்கில் கொண்டார்கள். எந்த நிறுவனத்தின் மணமூட்டி என்பதைப் பெயரோடு குறிப்பிடுவது மரபாயிற்று. ஏனெனில் ஒரு நிறுவனத்தின் 'வெண்ணிலா' மற்றொன்றின் 'வெண்ணிலா' ஆகாது. புதிய மணமூட்டி ஒன்றைக் கலவையில் சேர்க்குமுன் அதைத் தனியாகக் கலந்து சோதிக்கும் வழக்கமும் உண்டாயிற்று. கலந்ததைச் சில நாள், சில வாரம் ஊறவைத்து மீண்டும் சோதித்தார்கள்.

ஆய்வகத்தில் பயின்றவர்கள் இதில் அறிமுகமான ஒன்றைக் காண்பார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்ய முடிய வேண்டும் என்பது அறிவியல் முறையின் முதற்படி. எந்தக் கல்விக்கூடமும் கற்பிக்காமல், சாதாரண மக்கள் தாமாகவே அந்தப் படியேறினார்கள். இதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

ஆனால் அளவு துல்லியமாவது வேறு, மதிப்பீடு துல்லியமாவது வேறு. அளந்து கலந்ததன் முடிவில் அமர்ந்திருந்த நீதிபதி அப்போதும் நாவுதான்.

2. ராஸ்பெர்ரிச் சுவை

அந்த நீதிபதியின் பழைய தீர்ப்பொன்றைப் பார்ப்போம். 1937இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மருந்து நிறுவனம் ஒன்று, சல்ஃபனிலமைடு என்ற மருந்தைத் திரவ வடிவில் கொண்டுவர விரும்பிற்று. குழந்தைகளுக்கு மாத்திரையைவிட இனிப்பான திரவம் கொடுப்பது எளிது. அந்த மருந்து நீரில் எளிதில் கரையாது. நிறுவனத்தின் வேதியியலாளர் டைஎத்திலீன் கிளைக்காலில் அது நன்கு கரைவதைக் கண்டார். ராஸ்பெர்ரி மணம் சேர்க்கப்பட்டது. கலவையின் தோற்றம், மணம், சுவை மூன்றும் சோதிக்கப்பட்டுத் தேர்ச்சி பெற்றன. நச்சுத்தன்மை சோதிக்கப்படவில்லை, அப்படிச் சோதிக்கச் சட்டம் கோரவும் இல்லை.

நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பலர் குழந்தைகள். அரசு அதிகாரிகளால் அந்த மருந்தைப் பறிமுதல் செய்ய முடிந்ததே ஒரு சொற்பிழையால்தான். 'எலிக்சிர்' என்ற பெயர் சாராயம் கலந்த மருந்துக்கே உரியது. இதில் சாராயம் இல்லை. ஆகவே பெயர் தவறு. வெறுமனே 'கரைசல்' என்று பெயரிட்டிருந்தால் சட்டத்தின் கை எட்டியிருக்காது. அடுத்த ஆண்டு, 1938இல், விற்பனைக்கு வருமுன் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்று கோரும் புதிய சட்டம் அங்கே வந்தது.

டைஎத்திலீன் கிளைக்கால் நிறமற்றது, சற்றே இனிப்பானது, கிளிசரினையும் புரோப்பிலீன் கிளைக்காலையும் கண்ணுக்கும் நாவுக்கும் அப்படியே ஒத்தது, விலையும் குறைந்தது. ஆகவே அந்த இரண்டின் பெயரில் அது மீண்டும் மீண்டும் மருந்துப் புட்டிகளுக்குள் நுழைந்தது. நம் நாட்டுக் கணக்கு நீளமானது. 1972இல் மதராஸில், நச்சு கலந்த மருந்தால் 14 குழந்தைகள் இறந்தார்கள். 1986இல் பம்பாயின் ஜே.ஜே. மருத்துவமனையில், மூளை அழுத்தத்தைக் குறைக்கக் கொடுத்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி லெண்டின் ஆணையத்தின் அறிக்கை இந்திய மருந்துக் கண்காணிப்பு வரலாற்றில் முக்கியமான ஆவணம். 1998இல் குர்கானில் 33 குழந்தைகள். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2022இல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்டு, காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்த இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழக ஆய்வகம் கண்டறிந்தது.

இந்த வரிசையில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குறிப்பு இருந்தது. பெரும்பாலானவற்றில் குறிப்பு சரியானதே. 'புரோப்பிலீன் கிளைக்கால் இத்தனை பங்கு' என்று தாளில் எழுதியிருந்தது. பீப்பாயின் மேல் ஒட்டிய பெயரும் அதுவே. பீப்பாய்க்குள் இருந்தது வேறு. குறிப்பு என்பது பெயர்களின் பட்டியல். பெயருக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க அதனிடம் கருவி இல்லை.

இதற்கும் மின்சிகரெட்டுக்கும் என்ன தொடர்பு? கரைப்பான்கள் அவையேதான். 2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அன்று முன்னணியில் இருந்த இரண்டு வணிகப் பெயர்களின் 18 திரவக் குப்பிகளை ஆய்ந்தபோது, ஒன்றில் ஏறத்தாழ 1 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அந்தக் குப்பியை இழுத்தவர் எவருக்கும் நாவு எச்சரிக்கை தந்திருக்க வாய்ப்பில்லை. இனிப்பானது தப்பாகத் தோன்றாது.

ஆகவே வீட்டுக் குறிப்பொன்றில் 'கிளிசரின் 70 விழுக்காடு' என்ற வரியைக் காணும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி, எழுபதா அறுபதா என்பதன்று; எந்தக் கிளிசரின் என்பது. மருந்துத்தரமா, தொழிற்சாலைத் தரமா? யார் சோதித்தது? அந்தத் தொகுதிக்குச் சான்று உண்டா? ஐந்து நட்சத்திரம் பெற்ற குறிப்பும் இதற்கு விடை சொல்லாது. கலந்து புகழ்ந்தவர் வாங்கியது ஒரு பீப்பாய். இப்போது கலக்கப்போகிறவர் வாங்குவது இன்னொரு பீப்பாய்.

3. வெண்ணெய் மணம்

இரண்டாவது பிசகு இன்னும் நுட்பமானது. பொருள் தூயதாகவே இருக்கலாம். பெயரும் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது செல்லும் வழி மாறினால்?

உணவு மணமூட்டிகளுக்கு அமெரிக்காவில் ஒரு தகுதிச் சொல் உண்டு: 'பொதுவாகப் பாதுகாப்பானது என ஏற்கப்பட்டது'. 1958ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் பிறந்த சொல் இது. 1960 முதல் மணமூட்டி உற்பத்தியாளர் சங்கத்தின் வல்லுநர் குழு ஒன்று இத்தகுதியை மதிப்பிட்டுவருகிறது. வீட்டுக் கலவையாளர்கள் இந்தச் சொல்லை ஒரு காப்புக்கவசமாக எடுத்துக்கொண்டார்கள். 'உணவுத்தரம்' என்று புட்டியில் எழுதியிருந்தால் போதும் என்று எண்ணினார்கள். ஆனால் அந்தத் தகுதி உண்பதற்கு மட்டுமே வழங்கப்பட்டது. மூச்சில் இழுப்பதற்கு இது பொருந்தாது என்பதை அச்சங்கமே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.

வயிறும் நுரையீரலும் ஒன்றல்ல. உண்ட பொருளை அமிலம் சிதைக்கிறது, கல்லீரல் வடிகட்டுகிறது, வேண்டாததை வாந்தியாகவும் கழிச்சலாகவும் உடல் தள்ளிவிடும். நுரையீரலில் காற்றுக்கும் குருதிக்கும் இடையே உள்ளது மிக மெல்லிய சவ்வு. அங்கே சமையலறையும் இல்லை, காவற்காரனும் இல்லை.

இதற்கு உலகம் கண்ட தெளிவான சான்று டைஅசிட்டைல். வெண்ணெயில் இயற்கையாகவே சிறிதளவு உள்ள பொருள். வெண்ணெய் மணத்துக்குக் காரணமானது. உண்பதற்குத் தீங்கற்றதாக ஏற்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து நலவாழ்வுத் துறைக்கு ஒரு மருத்துவரிடமிருந்து தகவல் வந்தது. ஜாஸ்பர் என்ற ஊரில் பாப்கார்ன் ஆலையில் முன்பு வேலை செய்த எட்டுப் பேருக்கு, நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டுப்போகும் அரிய நோய் வந்திருந்தது. அது மீளாத நோய். தொழிற்சார் நலவாழ்வு நிறுவனம் விசாரித்தது. சூடான எண்ணெயில் வெண்ணெய் மணமூட்டியைக் கலக்கும் தொட்டியருகே நின்றவர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 2002இல் ஆய்வு முடிவுகள் வெளியாயின. உலகெங்கும் அந்தப் பாப்கார்னைத் தின்றவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அதன் ஆவியை நாள்தோறும் மூச்சில் இழுத்தவர்களின் நுரையீரல் கெட்டது. பொருள் ஒன்று, வழி வேறு, விளைவும் வேறு.

கஸ்டர்டு, பாலாடை, வெண்ணெய் மிட்டாய் மணங்கள் வீட்டுக் குறிப்புகளில் மிகுந்த புகழ் பெற்றவை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் கிரேக்க மருத்துவர் ஃபர்சலினோசும் குழுவினரும் 7 நாடுகளில் வாங்கிய 159 இனிப்பு மணத் திரவங்களைச் சோதித்தார்கள். 74.2 விழுக்காட்டில் டைஅசிட்டைலோ, அதன் உறவுப் பொருளான அசிட்டைல் புரோப்பியோனைலோ இருந்தது. 2015இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 51 திரவங்களைச் சோதித்து 39இல் டைஅசிட்டைலைக் கண்டார்கள்.

இங்கே கலவையாளர் சமூகத்தின் பங்கைப் பதிவுசெய்ய வேண்டும். மணமூட்டி நிறுவனங்களிடம் சோதனை அறிக்கை கேட்டு வற்புறுத்தியவர்களில் அவர்களும் இருந்தார்கள். சில நிறுவனங்கள் டைஅசிட்டைல் நீக்கிய இரண்டாம் வடிவங்களை வெளியிட்டன. ஆனால் அந்த வெற்றிக்குள்ளும் ஒரு முடிச்சு இருந்தது. டைஅசிட்டைலுக்கு மாற்றாக வந்தவற்றில் அசிட்டைல் புரோப்பியோனைலும் ஒன்று. விலங்காய்வுகளில் அது மூச்சுக்குழலுக்கு ஒத்த தீங்கையே விளைவித்தது. அசிட்டாயின் என்ற மற்றொரு மாற்று, திரவத்தில் நாள்படத் தங்கும்போது டைஅசிட்டைலாக மாறக்கூடும் என்பதும் பின்னர் தெரியவந்தது. 'ஊறவைத்தால் சுவை கூடும்' என்ற கைப்பக்குவத்தின் மறுபக்கம் இது.

சிகரெட் புகையில் டைஅசிட்டைல் இதைவிடப் பல மடங்கு உண்டே என்பது வழக்கமாக எழுப்பப்படும் மறுப்பு. உண்மைதான். சிகரெட்டைக் கைவிட வழிதேடும் ஒருவருக்கு அந்த ஒப்பீடு பொருளுடையது. ஒருநாளும் புகைக்காத பதினெட்டு வயதினருக்கு அது விடையாகாது. அவர் ஒப்பிட வேண்டியது சிகரெட்டோடு அன்று, வெறும் காற்றோடு.

4. குமிழியின் சாட்சியம்

எண்ணெயின் கதையும் இதே வகையினது. எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்தால் ஒருவகை நிமோனியா உண்டாகும் என்பதை 1925இலேயே லாஃப்லன் என்ற மருத்துவர் விவரித்துவிட்டார். மூக்கில் விடும் எண்ணெய்ச் சொட்டுகளே காரணம் என்று காட்டினார். தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்களுக்கு இது நன்கு அறிமுகமான செய்தி. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை அவர்கள் நெடுங்காலமாக எச்சரித்துவந்ததன் காரணமும் இதுவே. தலையில் தேய்த்தால் நன்மை, வாயில் கொடுத்தால் உணவு, மூச்சில் போனால் நோய்.

2019 கோடையில் அமெரிக்காவில் இளைஞர்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளில் குவியத் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டதும் 68 பேர் இறந்ததும் பதிவாயின. பெரும்பாலோர் பயன்படுத்தியது நிக்கோட்டின் திரவம் அன்று. முறைசாராச் சந்தையில் வாங்கிய கஞ்சாச்சாறு நிரப்பிய குப்பிகள். நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் நீரைச் சோதித்ததில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் இருந்தது. நலமான 99 பேரிடம் அது இல்லை. தோலுக்குப் பூசவும் உணவுத் துணையாக விழுங்கவும் தீங்கற்றதாகக் கருதப்படும் பொருள் அது.

அது ஏன் கலக்கப்பட்டது என்பதில்தான் நம் பொருள் அடங்கியிருக்கிறது. வாங்குவோர் குப்பியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி மெதுவாக ஏறினால் சாறு கெட்டியானது, கலப்படமற்றது. விரைவாக ஏறினால் நீர்த்தது. இது வாங்குவோர் தாமே வகுத்துக்கொண்ட தரச்சோதனை. விற்போர் அச்சோதனையைக் கற்றுக்கொண்டார்கள். சாற்றை நீர்க்கச் செய்தாலும் கெட்டித்தன்மை குறையாத ஒரு பொருளைத் தேடிப் பிடித்தார்கள். குமிழி மெதுவாகவே ஏறிற்று. கண் என்ற நீதிபதி ஏமாற்றப்பட்டது எப்படியோ, அப்படியே நாவும் ஏமாற்றப்படும். புலன்களால் மட்டும் சோதிக்கும் சந்தையில், புலன்களை ஏமாற்றக் கற்பவனுக்கே லாபம்.

5. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட எண்கள்

குறிப்புகளோடு சேர்ந்து சில எண்களும் உலவின. அவற்றையும் விசாரிக்க வேண்டும். நிக்கோட்டின் 60 மில்லிகிராம் ஒரு மனிதனைக் கொல்லும் என்பது பல பாடநூல்களில் உள்ள எண். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழக மருந்தியலாளர் பெர்ன்ட் மேயர் இந்த எண்ணின் மூலத்தைத் தேடிப் போனார். நூல் நூலாகப் பின்னோக்கிச் சென்றபோது, அது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து நச்சியல் நூல் ஒன்றில் நின்றது. அந்த நூலோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் தம்மீதே செய்துகொண்ட ஐயத்துக்குரிய சோதனைகளில் நின்றது. உயிர்போக்கும் அளவு அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கலாம் என்று அவர் 2014இல் எழுதினார். நூறாண்டு காலம் நூலுக்கு நூல் படியெடுக்கப்பட்டதே அந்த எண்ணின் அதிகாரம்.

அச்சமூட்டிய எண் இவ்வாறென்றால், ஆறுதல் தந்த சான்றும் அவ்வாறே. புரோப்பிலீன் கிளைக்காலை மூச்சில் இழுப்பது தீங்கற்றது என்பதற்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட்சன் குழுவினர் 1940களில் செய்த ஆய்வுகள் அடிக்கடி காட்டப்பட்டன. குரங்குகளும் எலிகளும் ஓராண்டுக்கும் மேலாக அந்த ஆவி நிறைந்த அறையில் வைக்கப்பட்டு, குறிப்பிடத்தக்க தீங்கின்றி இருந்தன என்பது மெய். ஆனால் அந்த ஆய்வின் நோக்கம் காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்வது. அறைக்காற்றில் பரவிய ஆவி அது. சூடான உலோகச் சுருளில் பட்டுச் சிதைந்த ஆவியன்று, மணமூட்டிகளோடு கலந்ததும் அன்று. வேறொரு கேள்விக்குக் கிடைத்த விடையை எடுத்து இந்தக் கேள்விக்குப் பொருத்தினார்கள்.

பழைய எண் மிகையானது என்பதால் நிக்கோட்டின் திரவம் விளையாட்டுப் பொருளாகிவிடவில்லை. வீட்டில் கலப்போர் வாங்கும் அடித்திரவத்தில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கும். அதை நூறு மில்லிலிட்டர் கலவையில் 6 மில்லிகிராம் வலிமைக்குக் கொண்டுவர 6 மில்லிலிட்டர் போதும். தசமப்புள்ளி ஓரிடம் நகர்ந்தால் அது 60. இந்தப் பொருள் தோல்வழியாகவும் உடலில் ஏறும். 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று நிக்கோட்டின் திரவத்தால் இறந்தது. 2016 ஜனவரியில், அத்தகைய புட்டிகளுக்குக் குழந்தைகளால் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. மணத்தை நூறு பேர் மதிப்பிட்டிருந்தும் மூடியைப் பற்றிக் கவலைப்பட ஓர் இறப்பு வேண்டியிருந்தது.

6. தடையின் நிழலில்

சட்டங்கள் இக்குறிப்புகளை என்ன செய்தன? இரு நேரெதிர் வழிகளைக் காணலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டு ஆணையின்படி, 2016 மே முதல் நிக்கோட்டின் திரவத்தை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், புட்டிக்கு 10 மில்லிலிட்டர் என்று வரையறுத்தது. சிறு புட்டி விலை கூடியது. எனவே நிக்கோட்டின் இல்லாத பெரிய புட்டியை வாங்கி, சிறு புட்டி நிக்கோட்டினை வீட்டில் கலக்கும் வழக்கம் பெருகிற்று. கட்டுப்பாடு கலவையை நிறுத்தவில்லை; ஆனால் கலக்கும் மூலப்பொருளைக் கண்காணிப்புக்குள் வைத்தது.

இந்தியா 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டத்தாலும், அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டத்தாலும் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்தது. முதன்முறை குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயன்படுத்துவதைத் தனியே குற்றமாக்கவில்லை. இளைஞர்களை இப்பழக்கத்திலிருந்து காப்பதே தடையின் நோக்கம். அந்த நோக்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் தடைசெய்யப்பட்ட பொருளுக்குத் தரக்கட்டுப்பாடு இராது என்பதை நாம் மறக்கலாகாது. திருட்டுத்தனமாகக் கிடைக்கும் திரவத்தை எந்த ஆய்வாளரும் மாதிரி எடுத்துச் சோதிப்பதில்லை. ஆக, நம் நாட்டில் ஒருவர் இணையக் குறிப்பைப் பார்த்துக் கலக்க முனைந்தால், அவருக்குக் கிடைப்பது அயல்நாட்டுக் குறிப்பும் உள்ளூர்ப் பீப்பாயும். உரிமம் பெற்ற ஆலையிலேயே கரைப்பான் மாறிப்போன நாட்டில் அந்தப் பீப்பாயை என்னவென்று நம்புவது?

7. எந்தக் கேள்விக்கு எந்தச் சாட்சி

இந்த வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பை மதிப்பிடுவதற்கான கேள்விகளைத் திரட்டிக்கொள்ளலாம். இன்னொருவர் அதை அப்படியே திரும்பச் செய்ய முடியுமா? பட்டியலில் உள்ள பெயரும் புட்டியில் உள்ள பொருளும் ஒன்றே என்பதற்குச் சான்று என்ன? அந்தப் பொருள் எந்த வழியில் உடலுக்குள் செல்வதாகக் கொண்டு சோதிக்கப்பட்டது? எத்தனை ஆண்டுப் பயன்பாட்டுக்கு அந்தச் சோதனை பேசுகிறது? புகழ்கிறவர் எதை வைத்துப் புகழ்கிறார்?

முதற்கேள்விக்குக் கலவையாளர்கள் தாமே விடை கண்டார்கள். அது அவர்கள் சாதனை. மற்றவற்றுக்கு நட்சத்திரங்களில் விடை இல்லை. ஆயிரம் பேர் புகழ்ந்தாலும் அவை ஆயிரம் நாவுகளின் சாட்சியமே; ஒரு நுரையீரலின் சாட்சியம் ஆகாது. மூச்சுக்குழல் தழும்பேற ஆண்டுகள் ஆகும். கருத்தெழுத ஒரு மாலைப்பொழுது போதும். அந்த இரண்டு காலங்களுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் ஜாஸ்பர் ஆலைத் தொழிலாளர்கள் நின்றார்கள்.

கல்லூரி விடுதிகளில் இத்தகைய கலவைகள் கைமாறுவதை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்தால் பெரும்பாலும் ஒழுக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். அந்தப் பேச்சு அவர்கள் காதில் ஏறுவதில்லை. பொருளைப் பற்றிப் பேசிப் பார்க்கலாம். இந்தக் கிளிசரின் எங்கிருந்து வந்தது, யார் சோதித்தார்கள், உண்பதற்கென்று செய்த மணத்தை ஏன் மூச்சில் இழுக்கிறாய் என்று கேட்கலாம். வேதியியல் படிக்கும் மாணவர்க்கு இவை அவமதிப்பாகத் தோன்றா. தம் பாடத்திலிருந்தே எழும் கேள்விகளாகத் தோன்றும். விடை தேடத் தொடங்கினாலே, அந்தப் புட்டியைப் பற்றித் தமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதை அவர்களே காண்பார்கள். நட்சத்திரங்களை எண்ணி முடிவெடுப்பதைவிட அது பாதுகாப்பான தொடக்கம்.